அரையாண்டு விடுமுறையின் ஐந்து சோதனைகள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அரையாண்டு விடுமுறையில் வீட்டுப்பாடம் கொடுக்கலாமா என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். கிடைப்பதே கொஞ்ச நாள் லீவு. அதிலும் ஒரு நோட்டைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். வெப்பம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்று காட்ட, வீட்டில் கிடைக்கும் சாமான்களை வைத்து ஐந்து சோதனை செய்ய வேண்டுமாம். பெற்றோர் கூடவே இருந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் மகளுக்குப் பெற்றோர் என்று நான் ஒருவன்தான் மிச்சம். என் மனைவி இறந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நான் முட்டம் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறங்கி நிற்கும் தகர டின்களில் தண்ணீர் உறைந்து கட்டியாகும். டின்னைத் தூக்கி, கட்டியைச் சரித்து இறக்கி, கொக்கி போட்டு இழுத்து, உடைக்கிற மெஷினுக்குள் தள்ள வேண்டும். மீன் படகுகளுக்குப் போகிற ஐஸ். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அதனால் சூடு, குளிர் விஷயத்தில் எனக்கு ஒரு புத்தகமும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற தலைக்கனம் உண்டு. எனக்குத் தலைக்கனமும் உண்டு, வாயும் உண்டு. வாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் சோதனை சுலபமானது. எவர்சில்வர் கரண்டி, மர அகப்பை, பிளாஸ்டிக் ஸ்பூன். மூன்றின் காம்பு நுனியிலும் வெண்ணெய் தடவி அதில் ஒரு சிறுபயறை ஒட்டி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினோம். எவர்சில்வரில் இருந்த பயறு முதலில் வழுக்கி விழுந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். எழுதும்போது நாக்கை ஓரத்தில் கடித்துக்கொள்வாள், அவளுடைய அம்மா மாதிரியே. நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது என் துறை. மூன்று துண்டு ஐஸ். ஒன்றை வெறும் தட்டில் வைத்தோம், ஒன்றைத் தடித்த துவர்த்துத் துண்டால் சுற்றினோம், ஒன்றை உமிக்குள் புதைத்தோம்.

"துவர்த்து போத்துனா சூடுதானப்பா? அதுதான் மொதல்ல உருகும்" என்றாள்.

"நீ பாத்துக்கிட்டே இரி" என்றேன்.

தட்டில் இருந்தது தண்ணீராகி ஓடிய பிறகும் துவர்த்துக்குள் பாதிக் கட்டி இருந்தது. உமிக்குள் இருந்தது நாங்கள் சாப்பிட்டு முடித்து வந்து பார்க்கும்போதும் அப்படியே கிடந்தது. எனக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம். "குளிர உமி வெளிய விடாது மக்கா" என்று மார் தட்டினேன்.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "குளிருன்னு ஒண்ணு கெடையாதுப்பா. சூடு ஒரு எடத்துலேர்ந்து போறதுதான் குளிரு. உமி சூட்ட உள்ள விடல்ல. அவ்வளவுதான்."

இருபது வருஷமாகக் குளிரைத் தூக்கிச் சுமந்தவனிடம் குளிரே கிடையாது என்கிறாள். வாதாடினேன். அவள் படம் போட்டுக் காட்டினாள். கடைசியில் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று, ஆனால் வாய் திறந்து ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது சோதனையில் காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி கேஸ் அடுப்பின் சின்னத் தீயில் பிடித்தாள். நான் "ஏட்டி! வீட்டக் கொளுத்தப் போறியா?" என்று கத்திக்கொண்டு வாளியோடு ஓடினேன். கப்பின் மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் கருகியது. உள்ளே தண்ணீர் கொதித்தது. காகிதம் எரியவில்லை, அதற்குப் போகிற சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்கிறதாம். வாளியோடு நின்ற என்னைப் பார்த்து அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அன்றுதான். உடனே எனக்கு வெட்கமாக இருந்தது, செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரி.

நான்காவதாக மாடியில் கறுப்புக் காகிதம் சுற்றிய டம்ளரும் வெள்ளைக் காகிதம் சுற்றிய டம்ளரும் வெயிலில் வைத்தோம். கறுப்புதான் அதிகம் சுட்டது. கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாவதைச் சொல்வதற்கு முன் என் கையைப் பற்றியும், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஐஸில் வேலை செய்கிறவன் கை எப்போதும் விறைத்துப்போய் இருக்கும். வேலை முடிந்து வந்து யாரைத் தொட்டாலும் எனக்கு அவர்கள் கொதிப்பதாகத் தெரியும். கல்யாணமான புதிதில் மாதம் நாலு தடவையாவது என் மனைவியிடம் "ஒனக்கு காச்சல் அடிக்கே" என்று பதறியிருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளைக்கும். என் மனைவிக்கு இது வாய்க்கு அவலாகிவிட்டது. "ஐஸ் கை" என்றே எனக்குப் பட்டப்பெயர் வைத்தாள். "ஒங்க கைபட்டா கல்லுக்கும் காச்சல் வரும், அங்கிட்டுப் போங்க" என்று தள்ளிவிடுவாள். மகளும் அதையே சொல்லிப் பழகினாள். எங்கள் வீட்டில் என் கைக்கு மரியாதை அவ்வளவுதான்.

ஆடியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் செவ்வாய்க்கிழமை ஔவையார் நோன்பு இருப்பார்கள். அது பெண்களுக்கு மட்டுமானது. ஆண் என்றால் கைக்குழந்தையும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. உப்பில்லாமல் கொழுக்கட்டை அவிப்பார்கள் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதை நாங்கள் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. உள்ளே என்ன பேசினார்கள், யார் என்ன செய்தார்கள் என்று பெண்கள் சொல்வதும் இல்லை, ஆண்கள் கேட்பதும் இல்லை. அந்த வருஷம் நோன்பு எங்கள் வீட்டில். நடத்திக்கொடுக்க பூதப்பாண்டியிலிருந்து என் மனைவியின் அக்கா வந்திருந்தாள். என் மகள் முதல் தடவையாக அவர்களோடு சேர்ந்து இருக்கப்போகிறாள் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கொண்டாட்டம்.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் என் மனைவி அக்காவின் வயலில் களை பறிக்க உதவிக்குப் போய் வந்திருந்தாள். கால் முழுக்க வெடிப்பு. அந்த வெடிப்போடு இரண்டு நாள் வயல் தண்ணீரில் நின்றிருக்கிறாள். அது அப்போது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

செவ்வாய் காலை வேலை முடிந்து, மழையில் பைக் ஓட்டி வந்து, அவள் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. "காச்சல் அடிக்குடி" என்றேன். அவள் சிரித்தாள். "நோம்பும் அதுவுமா தொடங்கிட்டியளா? ஐஸ் கைய வச்சுக்கிட்டு சும்மா கெடங்க." நானும் சிரித்தேன். என் கையை நானே நம்பவில்லை. வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தது; பேட்டரி தீர்ந்து எவ்வளவு நாளோ தெரியாது. மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கடலில் இறங்கிய வாரம் அது, ஐஸுக்கு அடிபிடி. எப்படியும் ஆண்பிள்ளை வீட்டில் இருக்க முடியாது என்று அடுத்த ஷிப்டுக்கும் ஒத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் போன் செய்து, "எனக்க கை வேண்டாம், வேற யாரையாவது தொட்டுப் பாக்கச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "தொட்டுப் பாத்தாச்சு. நெத்தி குளுந்து கெடக்காம். காச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஒங்க வேலயப் பாருங்க." பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் நிம்மதியாகக் கொக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் நான் வரும்போது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கெண்டைக்கால் பிய்கிறது என்றாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "நேத்தே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள், போனில் கூப்பிட்டவர்கள், டீக்கடையில் விசாரித்தவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். நேத்தே கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பா. ஒரே ஒரு நாள். சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு கேள்வி வீங்கிக்கொண்டே போனது. அன்றைக்கு யார் தொட்டுப் பார்த்தது?

பதினாறாம் நாள் சடங்கில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, அவள் அக்காவிடம் அதைக் கேட்டேன். "நோம்பு வீட்டுக் காரியத்த ஆம்பிளைட்ட சொல்லப்பிடாது தம்பி" என்றாள் அவள். எனக்குக் கண் மண் தெரியாத கோபம். என் பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இவளுக்கு நோன்பு ரகசியம் பெரிதாகப் போய்விட்டது. இலைகளுக்கு நடுவில் நின்று, அத்தனை பேர் கேட்கக் கத்தினேன்: "காச்சல் இல்லன்னு சொன்னது எந்தக் கையோ, அந்தக் கை அழுகிப் போவட்டு! புழுத்துப் போவட்டு!"

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "நாந்தான் தொட்டுப் பாத்தேன்" என்றாள்.

இனி என் வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அழுதுகொண்டே போனாள். என் மகள் ஒரு ஓரத்தில் அப்பளத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது யார் முகமும் தெரியவில்லை. அதற்குப் பிறகும், எத்தனையோ நாள் சாப்பிட உட்காரும்போது அந்தக் கையைத் திட்டியிருக்கிறேன். மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

ஐந்தாவது சோதனைக்கு அவள் மூன்று கிண்ணம் எடுத்து வைத்தாள். ஒன்றில் கை பொறுக்கிற அளவு வெந்நீர். நடுவில் குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் ஐஸ் தண்ணீர்.

"அப்பா, ஒரு கைய வெந்நியில, ஒரு கைய ஐஸ்ல வைங்க. நான் சொல்லும்போ ரெண்டையும் எடுத்து நடுக் கிண்ணத்துல வைக்கணும்."

செய்தேன். ஒரே தண்ணீர்தான். ஐஸிலிருந்து வந்த கைக்கு அது வெதுவெதுப்பாக இருந்தது. வெந்நீரிலிருந்து வந்த கைக்குச் சில்லென்று இருந்தது. என் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேறு வேறு சொன்னதில் எனக்கு ஒரு குழந்தைத்தனமான ஆச்சரியம்.

"கைக்கு எவ்வளவு சூடுன்னு தெரியாதுப்பா" என்றாள். "சூடு உள்ள வருதா, வெளிய போவுதான்னு மட்டுந்தான் தெரியும்."

"அப்போ ஒனக்க அம்ம சொன்னது சரிதான். எனக்க ஐஸ் கை பொய்தான் சொல்லியிருக்கு" என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "இன்னும் முடியல்ல" என்றாள். அடுப்பிலிருந்து சூடான தண்ணீரை வெந்நீர்க் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றி, தன் வலது கையை அதற்குள் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தாள். "போதும், எடு மக்கா" என்றேன். எடுக்கவில்லை. பிறகு கையைச் சட்டென்று துடைத்துவிட்டு என் நெற்றியில் வைத்தாள். கை சிவந்து, கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒங்க நெத்தி குளுந்து கெடக்குப்பா" என்றாள். "ஒங்களுக்குக் காச்சலே இருந்தாலும் இந்தக் கைக்குத் தெரியாது."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவ்வளவு மக்கு நான். "சரி, எழுது, கையெழுத்துப் போடுதேன்" என்றேன்.

அவள் கையை எடுக்காமல் சொன்னாள்: "அன்னைக்கு நோம்புல பெரியம்ம அங்க விளக்கு வச்சுக்கிட்டு இருந்தா. அம்ம என்னத்தான் கூப்பிட்டா. நான் அப்பதான் கொழுக்கட்டப் பானைய எறக்கிட்டு வந்தேன். ஆவி கையில அடிச்சு கை நல்ல சூடு. அந்தக் கையோடதான் அம்மைக்க நெத்தியத் தொட்டேன். குளுந்து கெடக்கும்மான்னு சொன்னேன்."

எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஆம்பிளைட்ட சொல்லப்பிடாதுன்னு பெரியம்ம சொல்லியிருக்கா" என்றாள். "அதான் சோதனையா செஞ்சேன்."

அவள் கையை என் நெற்றியிலிருந்து எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். "அழுகிப் போவும்னு சொன்னியள்லா. நான் தெனமும் காலையில எந்திச்சதும் பாப்பேன். அழுகல்ல. பெரியம்மைக்கும் ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?"

ஐந்து மாதம். தினமும் காலையில். நான் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பேன். என் வாயை அன்றைக்கே யாராவது தைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவள் கையை இழுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். என் மனைவிக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். அவள் அழவில்லை. நான் ஓய்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கே கொண்டு போயிருந்தா அம்ம பொழச்சிருப்பா, என்னா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே, யோசிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஐந்து மாதமாக ஊர் முழுக்க நான் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நேரமாச்சு, சாப்பிடு" என்றேன். அவள் கிண்ணங்களைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பூதப்பாண்டிக்குப் போனேன். என் மனைவியின் அக்கா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்தாள். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா மக்கா?" என்றாள்.

பிள்ளை ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் "மைனி" என்று தொடங்கினேன். காலில் விழலாம் என்று குனிந்தேன், அவள் விடவில்லை.

"விடுங்க தம்பி. யாரு மேலயாவது கோவம் இருந்தாத்தான் ஒங்களுக்குச் சோறு எறங்கும்னா அது நானா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். பிள்ளைக்க காதுல விழாம இருந்தாப் போதும்னு இருந்தேன்."

அவள் காதில் விழுந்தது மைனி, ஒன்றுவிடாமல் விழுந்தது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பிள்ளை அவள் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் கேட்டுக்கொண்டுதான் நின்றாள், எனக்குத் தெரியும். நேற்று அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"டாக்டர்ட்ட மறுபடியும் போய்க் கேட்டேன் மைனி" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "ரெண்டு நாளு முன்னாடி கொண்டு போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம். வயல்லேர்ந்து வரும்போதே உள்ள முத்திப் போச்சாம். அன்னைக்கு யாரு தொட்டிருந்தாலும், தெர்மாமீட்டரே வச்சிருந்தாலும், இதுதான் ஆயிருக்குமாம்."

நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. மைனிக்கும் அது தெரிந்திருக்கும். ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கிட்டயும் அன்னைக்கே சொன்னாரு தம்பி. ஒங்க மனசு நோவும்னு நாந்தான் சொல்லல்ல."

பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு பெரியம்மையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. செய்து பார்க்காமல் எதையும் நம்புகிற பிள்ளை இல்லை அவள். இதைச் செய்து பார்க்க ஒரு வழியும் இல்லை. எனக்கு இருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான்.